முறுக்கிய விசை எங்கே போகிறது?

வீட்டிலுள்ள பித்தளைக்கும் எஃகுக்கும் மிகக் கடுமையான இடம் சமையலறை சிங்குக்கு அடியில் இருக்கும் அலமாரிதான். அதன் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும். காற்று ஓடாது, ஈரம் காயாது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் அங்கேதான் அடைத்து வைக்கிறோம். பல வீடுகளில் குப்பைக்கூடையும் அங்கேதான். இவற்றின் ஆவிக்கு நடுவில் ஆங்கிள் வால்வு, நிப்பிள், கனெக்‌ஷன் ஹோஸ், ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பிரியும் டீ, நட்டு, நட்டுக்குள் வாஷர் என்று ஏழெட்டுச் சிறு பொருள்கள் இரவும் பகலும் நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன.

ஒழுகல் கண்ணில் பட்டதும் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் குனிந்து பார்த்து, ஸ்பேனரைப் போட்டு இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறார். சொட்டு நிற்கிறது. சில மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் அதே நட்டு நீளவாக்கில் பிளந்து அடுக்களை முழுக்கத் தண்ணீர். “இப்போ வர்ற பித்தளை எல்லாம் அந்தக் காலம் மாதிரி இல்லை” என்று முடிவு கட்டுகிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த நட்டைப் பிளந்தது பெரும்பாலும் இறுக்கியபோது உள்ளே போன விசை. ஸ்பேனரால் கொடுத்த விசை, ஸ்பேனரை எடுத்த பிறகும் உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறது. நம்பகமான ஃபிட்டிங்கைத் தேடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எந்தத் தண்ணீர் ஒழுகுகிறது?

சிங்குக்கு அடியில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. வரும் தண்ணீருக்கு அழுத்தம் உண்டு. பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மாடியில் தொட்டி வைத்த தனி வீட்டின் தரைத்தளத்தில் அரை பார் கிடைத்தாலே அதிகம். பத்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், இடையில் அழுத்தக் குறைப்பான் இல்லையென்றால், அது 3 பாரைத் தொடும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் 2, 3 பார் சாதாரணம். போகும் தண்ணீருக்கு, அதாவது சிங்கிலிருந்து வடியும் கழிவு நீருக்கு, அழுத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒன்றில் ஒழுகினால் இரவெல்லாம் ஒழுகும். மற்றதில் ஒழுகினால் பாத்திரம் கழுவும்போது மட்டும் ஒழுகும்.

ஃபிட்டிங் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் எது ஒழுகுகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். குழாயை மூடிவிட்டு, அடியிலுள்ள எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்து, கீழே செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் விடுங்கள். தாள் நனைந்தால் அழுத்தமுள்ள பக்கம். நனையாவிட்டால் சிங்கின் துளையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். இப்போது நனைந்தால் வேஸ்ட் கப்ளிங்கிலோ டிராப்பிலோ கோளாறு. சொட்டு விழும் இடத்தை அப்படியே நம்பக் கூடாது. பரப்பு இழுவிசையால் நீர் பைப்பின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டே ஓரடி, இரண்டடி நகர்ந்து, தாழ்வான ஒரு நட்டிலிருந்து சொட்டும். குற்றமற்ற நட்டை இறுக்குவது இப்படித்தான் நடக்கிறது. டிஷ்யூ தாளை ஒவ்வொரு மூட்டிலும் மேலிருந்து கீழாக ஒற்றிக்கொண்டே வந்தால், முதலில் எந்த மூட்டில் ஈரம் தெரிகிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

நொடிக்கு ஒரு சொட்டுதானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் இருபது சொட்டு. ஒரு நாளில் 86,400 நொடி. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அது ஒருவருக்குக் குடிக்கவும் சோறாக்கவும் போதும்.

மரை எதற்கு, வாஷர் எதற்கு?

கடையில் “அரை இஞ்சு” என்று கேட்டு வாங்கும் நிப்பிளின் வெளிமரையை அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர்தான். பழைய இரும்புப் பைப்பின் உள்விட்டத்தைக் கொண்டு வைத்த பெயர் அது. மரை வெட்டுவதோ பைப்பின் வெளிப்புறத்தில். எனவே பெயர் ஒன்று, அளவு ஒன்று.

மரைகளுக்குப் பொது அளவு வேண்டும் என்று 1841இல் முன்மொழிந்தவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த். அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையும் தன் போக்கில் மரை வெட்டியது. ஓரிடத்துப் போல்ட் இன்னோரிடத்து நட்டில் ஏறாது. மரையின் பள்ளம் 55 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நம் ஊர்க் குழாய்களின் மரை அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்கக் குழாய் மரைக்குக் கோணம் 60 பாகை. அரை இஞ்சு அளவில் இரண்டுக்குமே ஓர் இஞ்சுக்கு 14 சுற்று. அதனால் அமெரிக்க அளவில் செய்த ஒரு பொருளை நம் வால்வில் மாட்டினால் முதல் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும், பிறகு பிடிக்கும். இறுகிவிட்டது என்று நினைப்போம், ஆனால் மரைகள் முழுதாகப் பொருந்தியிருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த வடிகட்டியோ குழாயோ என்ன செய்தும் ஒழுகினால் சந்தேகப்பட வேண்டிய முதல் விஷயம் இது.

அதைவிட அன்றாடம் நடக்கும் குழப்பம் வேறு. சிங்குக்கு அடியிலுள்ள மூட்டுகளில் தண்ணீர் இரண்டு வெவ்வேறு இடங்களில் தடுக்கப்படுகிறது. சுவருக்குள் இருக்கும் எல்போவில் நிப்பிள் இறங்கும் இடத்தில் மரையே தண்ணீரைத் தடுக்கிறது. நிப்பிளின் வெளிமரை கூம்பாக வெட்டப்பட்டது. உள்ளே போகப் போக ஆப்பு அடித்ததுபோல் இறுகும். மரைகளுக்கிடையே சுருளாக மிஞ்சும் மெல்லிய இடைவெளியை டெஃப்லான் டேப் அடைக்கிறது. கனெக்‌ஷன் ஹோஸின் நட்டில் கதை வேறு. அங்கே மரை பிடித்துக்கொள்வதோடு சரி. தண்ணீரைத் தடுப்பது உள்ளே கிடக்கும் ரப்பர் வாஷர். அந்த நட்டில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. சில சமயம் தடித்த டேப் நட்டை முழுதாக இறங்கவிடாமல் செய்து, வாஷர் சரியாக அமுங்காமல், ஒழுகலை அதுவே உண்டாக்கும். பிளம்பர் ஹோஸ் நட்டுக்கு டேப் சுற்றினால் தயங்காமல் கேளுங்கள்: “அண்ணே, உள்ளே வாஷர் இருக்கே, டேப் எதுக்கு?”

டேப்பில் இருக்கும் பொருளை 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டுபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டார். குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஓர் உருளையிலிருந்து வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகுபோல் வெண்மையான தூள். வாயுவின் மூலக்கூறுகள் தாமாகக் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. எதனோடும் ஒட்டாத, அநேகமாக எந்த வேதிப்பொருளுக்கும் மசியாத அந்தப் பொருள்தான் டெஃப்லான். அதற்கு முன்பு நம் பிளம்பர்கள் சணல் நூலும் வெள்ளைப் பெயின்ட்டும் வைத்துச் செய்த வேலையை இன்று அது செய்கிறது. ஆனால் அதன் வழுவழுப்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மரைகளின் உராய்வு குறைவதால், முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஸ்பேனர் எளிதாகச் சுற்றும். கை அதே பலத்தைத்தான் போடுகிறது. ஆப்பு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

ஒரு சுற்றின் கணக்கு

எவ்வளவு ஆழமாக என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பெரிய கணிதம் தேவையில்லை.

ஓர் இஞ்சுக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் 1.8 மில்லிமீட்டர் உள்ளே போகும். கூம்பின் சரிவு 16க்கு 1. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் விட்டம் சுமார் 0.11 மில்லிமீட்டர் பெரிதாக வேண்டியிருக்கிறது. 21 மில்லிமீட்டரில் 0.11 என்பது ஆயிரத்தில் ஐந்து பங்கு. கேட்க அற்பமாக இருக்கிறது. வார்ப்புப் பித்தளையோ ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு நீண்டாலே பழைய நிலைக்குத் திரும்பும் எல்லையைத் தாண்டிவிடும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரால் கொடுக்கும் ஒரு முழுச் சுற்றை உள்ளே இருக்கும் நிப்பிளும் வெளியே இருக்கும் எல்போவும் பங்குபோட்டுக்கொள்கின்றன, மரையின் நுனிகள் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், வெளியே இருக்கும் வளையம் தன் எல்லையின் விளிம்பில் நிற்கிறது.

இதை நீரின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை உறைக்கும். 3 பார் அழுத்தமுள்ள நீர், இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பித்தளை வளையத்தைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். ஸ்பேனர் உள்ளே வைத்துவிட்டுப் போகும் இழுவிசையோ 1,000 கிலோவைத் தாண்டும். தண்ணீரின் வேலை அதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே ஃபிட்டிங்கை உடைக்கும் அளவுக்கு நம் வீட்டுத் தண்ணீருக்குப் பலம் கிடையாது. உடைக்கும் பலத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

அப்படியானால் இறுக்கிய அன்றே உடைய வேண்டாமா? ஏன் சில மாதம் பொறுத்து உடைகிறது? இந்தக் கேள்விக்கு விடை நூறு ஆண்டுக்கு முன்பு கிடைத்தது. தேடத் தொடங்கியது இந்தியாவின் குதிரை லாயங்களில்.

லாயத்தில் விரிந்த தோட்டாக்கள்

பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். தோட்டாக்களை மழை ஓயும்வரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். பருவம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களின் பித்தளைக் கூடு விரிசல் கண்டிருக்கும். யாரும் சுடவில்லை, யாரும் அடிக்கவில்லை. விரிசல் குறிப்பாக எங்கே விழுந்தது என்றால், குண்டைப் பிடித்துக்கொள்ளும்படி கூட்டின் வாயை நெரித்து இறுக்கியிருந்த இடத்தில்.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். பித்தளைத் தகட்டைக் குளிர்நிலையிலேயே இழுத்துக் கூடாக்கும்போதும், வாயை நெரிக்கும்போதும் உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. லாயத்தில் குதிரைச் சிறுநீர் சிதைந்து அம்மோனியா கிளம்புகிறது. மழைக்கால ஈரம் பித்தளைமேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிகிறது. அதில் அம்மோனியா கரைந்து, பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கத் தொடங்குகிறது. உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலான எல்லைக்கோடுகள் வழியாக அரிப்பு இறங்குகிறது. தங்கியிருந்த இழுவிசை அந்த இடத்தை விரித்துப் பிடிக்கிறது. புதிதாகத் திறந்த முனையை அம்மோனியா மேலும் அரிக்கிறது. இழுவிசை மட்டும் இருந்தால் கூடு உடையாது. அம்மோனியா மட்டும் இருந்தால் மேற்பரப்பு மங்கும், அவ்வளவே. இரண்டும் சேர்ந்தால் தடித்த பித்தளையும் பிளக்கும். கூடுகளை மிதமாகச் சூடாக்கி உள்ளே தங்கிய இழுவிசையைத் தளர்த்தினால் விரிசல் வருவதில்லை என்பதும் தெளிவானது. இன்றுவரை பித்தளைத் தொழிலில் அந்தப் பாடம் நிற்கிறது.

இப்போது சிங்குக்கு அடியில் பாருங்கள். மூடிய கதவு, காயாத ஈரம், மீன் செதிலும் இறைச்சிக் கழிவும் அழுகும் குப்பைக்கூடை, அம்மோனியா கலந்த சில கண்ணாடித் துடைப்பான்கள். அழுகும் புரதம் அம்மோனியாவையும் அதன் உறவுக்கார வாயுக்களையும் விடுகிறது. நடுவே, ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிய பித்தளை நட்டு. லாயத்தில் இருந்த அத்தனையும் இங்கே சிறிய அளவில் இருக்கின்றன.

இதனால்தான் தடித்த சுவருள்ள ஃபிட்டிங்கைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். தண்ணீரின் அழுத்தத்துக்குப் பயந்து வாங்கச் சொல்லவில்லை. அதே ஸ்பேனர், அதே சுற்று என்றாலும், தடித்த வளையம் குறைவாக நீளும். விரிசல் விழுந்தாலும் அது கடக்க வேண்டிய தூரம் அதிகம். மெல்லிய நட்டு பளபளப்பாக இருக்கலாம். குரோம் பூச்சின் தடிமன் மயிரிழையைவிட மிகக் குறைவு. அது வலிமையைப் பற்றி எதையும் சொல்லாது.

பித்தளைதானா?

குரோம் பூசிய எல்லாமே பித்தளை அல்ல. துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே குரோம் பூசி விற்பதும் உண்டு. கைப்பிடிக்கும் அலங்கார மூடிக்கும் அது போதும். தண்ணீர் தொடும் மரைக்கு ஆகாது. உப்பு நீரில் சீக்கிரம் பொரிந்து உதிர்ந்துவிடும். காந்தத்தை வைத்துப் பார்த்துப் பயனில்லை. பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. இரும்பை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்.

ஆனால் வீட்டில் சமையல் தராசு இருந்தால் அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். நிப்பிள், நட்டு, எல்போ போன்ற, உள்ளே பிளாஸ்டிக் பாகம் இல்லாத பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்தைச் சேர்த்து நூலில் கட்டி எடை பாருங்கள். 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசின் மேல், விளிம்பு வரை நிரப்பாமல் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். நூலைக் கையில் பிடித்தபடி பொருளைத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கவிடுங்கள்; அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் குலுக்கி வெளியேற்ற வேண்டும். தராசு இப்போது காட்டும் கிராம் எண்ணிக்கைதான் பொருளின் கன சென்டிமீட்டர் அளவு. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இது. பித்தளையின் அடர்த்தி 8.4 அளவில் இருக்கும். எனவே 24 கிராம் காட்டும். துத்தநாகக் கலவைக்கு 6.7, எனவே 30 காட்டும். ஆறு கிராம் வித்தியாசத்தை இருநூறு, முந்நூறு ரூபாய்த் தராசுகூடத் தவறவிடாது. ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு மற்றவற்றை வாங்கலாம்.

நிஜப் பித்தளையிலும் தரம் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினால், குளோரைடு மிகுந்த, தேங்கி நிற்கும் நீரில் துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது உருவம் மாறாத, ஆனால் துளைதுளையான செம்பு. கழற்றிய பழைய நிப்பிளின் உள்பக்கத்தை உரசிப் பாருங்கள். பித்தளையின் மஞ்சள் தெரியாமல் செங்கல் நிறமோ இளஞ்சிவப்போ தெரிந்தால் நடந்தது இதுதான். அதைத் திரும்ப மாட்டாதீர்கள். அடுத்த முறை ஸ்பேனர் பட்டதும் மரையோடு முறிந்து பாதி சுவருக்குள் நின்றுவிடும். நம் கடற்கரையோர ஊர்களில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது முக்கியம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லாதபோது 1,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டு நீர் மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் சாதாரணப் பித்தளைக்குப் பதில், துளி ஆர்சனிக் சேர்த்து துத்தநாகம் வெளியேறாமல் தடுத்த வகையைத் தேடலாம்; சில நாடுகளில் அதன்மேல் ‘சி.ஆர்.’ அல்லது ‘டி.இசட்.ஆர்.’ என்று பொறித்திருப்பார்கள். கிடைக்கவில்லையென்றால் நீர் தொடும் பாகத்தைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவது நல்லது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையை எப்படிப் பார்ப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பித்தளைக் குழாய்களுக்கும் ஸ்டாப் வால்வுகளுக்கும் ஐ.எஸ். 781, சி.பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 15778. உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுமா என்று காட்டும். எண் இல்லாத வெறும் முத்திரைக்கு மதிப்பில்லை.

ஹோஸும் வாஷரும்

கனெக்‌ஷன் ஹோஸின் மேல் பின்னியிருக்கும் எஃகு வலை அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர்க் குழல் தனியாக 3 பாரைத் தாங்காது, உப்பிப் பிதுங்கிவிடும். அதைப் பிதுங்கவிடாமல் பிடிப்பது அந்த வலைதான். ஒவ்வொரு கம்பியும் மிக மெல்லியது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஆசிட் பாட்டிலின் மூடியிடுக்கு வழியே கசியும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும், ஈரம்பட்ட ப்ளீச்சிங் பவுடர் விடும் குளோரினும் அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். தடித்த பாத்திரத்தில் அது ஒரு புள்ளி. மெல்லிய கம்பியில் அதுவே முறிவு. ஒரு கம்பி போனால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையை ஏற்கும். பிறகு அவையும் போகும். ஹோஸ் நட்டோடு சேரும் நெரிப்பு வளையத்தருகே விளக்கடித்துப் பாருங்கள். பழுப்புக் கறையோ, நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பியோ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைப்பது மனிதருக்கும் ஆபத்து. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஹோஸ் வாங்கும்போது வலை 304 ரக எஃகா என்று கேளுங்கள். மாங்கனீசு மிகுந்த 200 வரிசை எஃகும் கடையில் அதே பளபளப்போடு இருக்கும், அதுவும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் குளோரைடுக்கு முன் சீக்கிரம் தோற்கும். நட்டு பித்தளையாக இருக்கட்டும். நீளம் ஒரு கை கூடுதலாக இருப்பது நல்லது. விறைப்பாக இழுத்து மாட்டிய ஹோஸ் தன் இழுவையை நட்டின் மேல் ஏற்றிவிடும்.

பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்ல பாடம். புதிதில் தட்டையாக, நகத்தால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும். பழையதில் வால்வின் விளிம்பு பதிந்த வட்டப் பள்ளம் அப்படியே நிற்கும், அழுத்தினால் எழாது, விரலில் கரி ஒட்டும். ரப்பர் தண்ணீரைத் தடுப்பது தன் மீள்தன்மையால். அமுக்கியவனை அது திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை இடைவெளி விழாது. நாள்பட அமுங்கிக் கிடந்தும், நீரிலுள்ள குளோரின் தின்றும், அந்தத் தள்ளும் சக்தி போய்விடுகிறது. அப்போது இறுக்கினால் இன்னும் சில வாரம் ஓடும், உயிர் திரும்பாது. இ.பி.டி.எம். என்ற ரப்பர் குளோரினையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எண்ணெய், கிரீஸ் பட்டால் ஊதிக் கெடும். அதனால் வாஷருக்கு எண்ணெய் தடவி மாட்டும் பழக்கம் வேண்டாம். நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். அதைவிட மலிவான காப்பீடு வீட்டில் வேறில்லை.

பிளாஸ்டிக்கின் இடம்

சி.பி.வி.சி. துருப்பிடிக்காது, துத்தநாகம் இழக்காது, உப்பு நீருக்கு அஞ்சாது. சொலுஷன் தடவி ஒட்டும்போது நடப்பது வெறும் ஒட்டல் அல்ல. கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்க, இரண்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, கரைப்பான் ஆவியானதும் ஒரே பொருளாகிவிடுகின்றன. அதனால்தான் செருகியதும் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்கச் சொல்கிறார்கள். பிளம்பர் அவசரப்பட்டு உடனே தண்ணீரைத் திறந்தால் அந்தப் பின்னல் முடியாமலே போகும். சி.பி.வி.சி.க்கு அதற்குரிய சொலுஷனைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதன் பலவீனம் மரையில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வெட்டிய உள்மரைக்குள் பித்தளை நிப்பிளை இறுக்கவே கூடாது. மேலே சொன்ன ஆப்பு இங்கே இன்னும் கொடுமையாக வேலை செய்யும்: பிளாஸ்டிக் தொடர்ந்த இழுவிசையில் மெல்ல நீண்டுகொண்டே போய் ஒரு நாள் பிளக்கும். வெப்பத்தில் அது பித்தளையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விரிவதும் மூட்டைத் தளர்த்தும். உலோகமும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இடத்தில், உள்ளே பித்தளை மரை பதித்த எஃப்.டி.ஏ. (உள்மரை அடாப்டர்) அல்லது பித்தளை எல்போவைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் மரை கொண்டதைவிடச் சில மடங்கு விலை அதிகம். சுவரை உடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கழிவுப் பக்கத்தில் நம் சமையலறைக்கே உரிய ஒரு பிரச்சினை உண்டு. சோறு வடித்த கொதிகஞ்சியை நேராக சிங்கில் ஊற்றுகிறோம். சாதாரண பி.வி.சி. 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப் தினமும் இளகி இளகித் தொய்ந்து, நட்டிலிருந்து நழுவும். மடிப்புகளில் கஞ்சியும் எண்ணெயும் உறைந்து அடைக்கும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வரை உருகாது. அதில் செய்த, உள்பக்கம் வழுவழுப்பான பாட்டில் டிராப்பும் நேர் பைப்பும் இந்த வேலைக்கு ஏற்றவை. கஞ்சி ஊற்றும்போது குழாயையும் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக, குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் ‘டொக்’ என்று கேட்கிறதா? நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உலோகப் பைப்பில் ஒரேயடியாக நிறுத்தினால் அந்தக் கணத்துக்கு 12 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் பைப் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் 4 பார் அளவு. தினம் நூறு முறை இந்த அடி விழுந்தால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் நட்டு எத்தனை நாள் தாங்கும்? ஆங்கிள் வால்வைப் பாதி மூடி வேகத்தைக் குறைத்தால் சத்தமும் அடியும் குறையும்.

புது ஃபிட்டிங் மாட்டும்போது பிளம்பர் பக்கத்தில் நில்லுங்கள். வாஷர் உள்ள நட்டு என்றால் கையால் இறுகும்வரை, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்குப் பிறகும் ஒழுகினால் இறுக்கச் சொல்லாதீர்கள். கழற்றி, வாஷரையும் அது உட்காரும் விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிள் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். உப்பு படிந்து இறுகிவிட்டால் அவசரத்துக்கு அது திரும்பாது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பின் கேட் வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே காட்டிக்கொடுங்கள்.